புறநகர் நெரிசல்: சாலையை அகலப்படுத்தும் முன் எண்ண வேண்டியவை

புறநகர்ச் சாலை காலையில் நெரிகிறது என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "இன்னும் இரண்டு லேன் போடணும்" என்பதுதான். சில இடங்களில் அது சரிதான். ஆனால் பெரும்பாலும் சாலை நெடுக இடம் போதுமானதாகவே இருக்கும். ஒரே ஒரு சந்திப்போ, ஒரு பழைய பாலத்தின் குறுகலோ, இரண்டு வரிசைகள் ஒன்றாகச் சேரும் ஒரு நூறு மீட்டரோ மொத்தச் சாலையையும் பிடித்து வைத்திருக்கும். அந்த இடுக்கைக் கண்டுபிடிக்காமல் போடும் லேன், வண்டிகள் காத்து நிற்பதற்கு இடம் தரும்; அவற்றை அனுப்பி வைக்காது.

கணக்கைப் பாருங்கள். குறுக்கீடு இல்லாத அதிவேக நெடுஞ்சாலையில் ஒரு லேன் மணிக்கு 2,200 முதல் 2,400 கார் வரை விடும். சிக்னல் சந்திப்பில், பச்சை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லேன் விடுவது மணிக்குச் சுமார் 1,900தான். உண்மையில் அந்தத் திசைக்குப் பச்சை கிடைப்பது சுழற்சியில், அதாவது எல்லாத் திசைக்கும் ஒருமுறை பச்சை வந்து போகும் நேரத்தில், 40 விழுக்காடு என்றால் அது 760 ஆகச் சுருங்கிவிடும். நெடுஞ்சாலையின் ஒரு லேன் கொண்டுவந்து கொட்டுவதை வாங்கிக்கொள்ள சிக்னல் முனையில் மூன்று லேன் தேவை. இரண்டு சிக்னல்களுக்கு நடுவே இருக்கும் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. சந்திப்பின் வாயை மட்டும் 150 மீட்டருக்கு அகலப்படுத்தினால் மாறும்.

இடுக்கு எங்கே இருக்கிறது

நெரிசல் தெரியும் இடத்தில் காரணம் இருக்காது. வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து வந்து, எந்த இடத்தைத் தாண்டியதும் சட்டென்று வேகமெடுக்கின்றனவோ அதுதான் இடுக்கு. அதற்குப் பின்னால் நிற்பதெல்லாம் வெறும் வரிசை. கைபேசி ஜிபிஎஸ் தரவிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை எடுத்து, தூரத்தை ஓர் அச்சிலும் நேரத்தை மற்றோர் அச்சிலும் வைத்து வண்ணப்படம் வரைந்தால் இது பளிச்சென்று தெரியும். சிவப்புப் பட்டையின் முன்விளிம்பு நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். பின்விளிம்பு நேரம் ஆக ஆகப் பின்னோக்கி வளரும்.

அடுத்து வண்டிகளை எண்ணுவது. திட்ட அறிக்கைகளில் அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். மணிக்கு 4,200 வண்டிகள் வருகின்றன, இடுக்கு 4,000ஐத்தான் விடுகிறது என்றால், இடுக்கில் வைத்த எண்ணும் கருவி 4,000 என்றே காட்டும். அது சாலையின் கொள்ளளவு. மக்களின் தேவை அல்ல. அதை வைத்துக்கொண்டு "தேவை 4,000, கொள்ளளவு 4,000, கொஞ்சம் கூட்டினால் போதும்" என்று எழுதினால் திறப்பு விழா முடிந்த மறுவாரமே ஏமாற்றம் வரும். எண்ண வேண்டியது வரிசையின் வாலுக்கும் பின்னால், வண்டிகள் தடையின்றி ஓடும் இடத்தில். அது முடியாவிட்டால் இடுக்கு விட்ட எண்ணிக்கையோடு, அந்த 15 நிமிடத்தில் வரிசை எத்தனை வண்டி நீண்டது என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இருசக்கர வண்டிகளும் பேருந்தும் லாரியும் கலந்து ஓடும் சாலையில் எல்லாவற்றையும் கார் அலகுக்கு, அதாவது எத்தனை காருக்குச் சமம் என்ற எண்ணுக்கு, மாற்றித்தான் கூட்ட வேண்டும். அந்த மாற்று எண்களை எங்கிருந்தோ எடுத்து ஒட்டாமல், அதே சந்திப்பில் பச்சை விழுந்த பிறகு எத்தனை விநாடியில் எத்தனை வண்டி கோட்டைத் தாண்டுகிறது என்று அளந்து சரிபார்ப்பது நல்லது. இருசக்கர வண்டிகள் இடைவெளிகளில் நுழைந்து கோட்டின் முன்னால் சேர்ந்துவிடுவதால், முதல் சில விநாடிகளில் போகும் எண்ணிக்கை பாடநூல் எண்ணை விட நிறையக் கூடுதலாக வரும்.

இந்த 4,200க்கும் 4,000க்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. இரண்டு மணி நேரம் இப்படி ஓடினால் 400 வண்டிகள் தேங்கும். வண்டிக்கு 7 மீட்டர் என்றால் இரண்டு லேனில் 1.4 கிலோமீட்டர் வரிசை. உச்ச நேரம் முடிந்து வரத்து 3,000 ஆகக் குறைந்தால் 24 நிமிடத்தில் கலைந்துவிடும். கடைசியில் சேர்ந்தவருக்கு 6 நிமிடத் தாமதம். எல்லா வண்டிகளும் காத்து நின்ற நேரத்தைக் கூட்டினால் மொத்த இழப்பு 480 வண்டி-மணி.

ஆனால் நெடுஞ்சாலை இடுக்கு ஒன்றில் வரிசை கட்டத் தொடங்கிவிட்டால் அது விடும் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. பல இடங்களில் 5 முதல் 15 விழுக்காடு வரை. நின்று கிளம்பும் ஓட்டுநர் முன்வண்டியோடு ஒட்டிப் போவதில்லை. லேன் மாறுவோர் இடைவெளிகளை உண்டாக்குகிறார்கள். 4,000 விட்டுக்கொண்டிருந்தது 3,700 ஆகிறது என்று வையுங்கள். இப்போது இரண்டு மணி நேரத்தில் தேங்குவது 1,000 வண்டி. கலைய 86 நிமிடம். தாமதம் 16 நிமிடம். மொத்த இழப்பு சுமார் 1,700 வண்டி-மணி. முந்தையதைப் போல மூன்றரை மடங்கு. வந்த வண்டி அதேதான், சாலையும் அதேதான்.

என் வாதம் முழுவதும் இந்தக் கணக்கின் மேல் நிற்கிறது. மணிக்கு 200 வண்டியைத் தடுத்தாலோ, வேறு வழியில் திருப்பினாலோ, அதாவது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாகக் குறைத்தாலே, இந்த நெரிசல் பிறக்கவே பிறக்காது. ஒரு புதிய இணைப்புத் தெருவால் அது முடியும். நன்றாக ஓடும் ஒரு பேருந்துத் தடத்தால் முடியும். இரண்டு லேன் போட்டும் முடியும். ஆனால் அதுதான் மிக மெதுவான வழி, மிகச் செலவான வழி.

யார் போகிறார்கள், எவ்வளவு தூரம்

புறவழிச்சாலைத் திட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தச் சாலையில் போகும் வண்டிகளில் ஊரில் நிற்காமல் கடந்து போவது எத்தனை? சாலையின் இரு முனைகளிலும் கேமரா வைத்து நம்பர் பிளேட்டைப் பொருத்திப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். கடந்து போவது 15 விழுக்காடு என்றால், எவ்வளவு அழகான புறவழிச்சாலை போட்டாலும் பழைய சாலையிலிருந்து கழிவது அந்த 15தான். மீதி 85 அங்கேயே வேலை உள்ளவர்கள். பாதிக்கு மேல் கடந்து போகிறது, அதிலும் லாரி அதிகம் என்றால் புறவழிச்சாலை நல்ல முடிவு.

புறநகரின் நோய் பெரும்பாலும் வேறு. மனைப்பிரிவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக உருவாகி, ஒன்றின் தெரு அடுத்ததன் மதில் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. பக்கத்துப் பிரிவில் இருக்கும் பள்ளிக்குப் போக நெடுஞ்சாலையில் ஏறி, 800 மீட்டர் ஓடி, சிக்னலில் திரும்பி இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான பயணங்கள் நெடுஞ்சாலையின் சிக்னல் நேரத்தைத் தின்கின்றன. இதற்கு மருந்து நெடுஞ்சாலையில் இல்லை. அதற்கு இணையாக இருபுறமும் தொடர்ச்சியான உள்சாலைகள், ஒன்றரை அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு குறுக்குச்சாலை, ஓடையையும் ரயில் பாதையையும் தாண்டும் சின்னப் பாலங்கள், இவைதான். வரைபடத்தை விரித்து, எந்த இரண்டு தெருக்கள் 50 மீட்டர் இடைவெளியில் தொடாமல் நிற்கின்றன என்று குறித்துக்கொண்டே போனால் ஒரு பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலில் பாதியை முடித்தாலே பல இடங்களில் மேம்பாலத்துக்கு வேலை இருக்காது. இந்த வேலைக்கு ஏன் முன்னுரிமை கிடைப்பதில்லை என்பதும் தெரிந்ததுதான்: நெடுஞ்சாலை ஒரு துறையிடம், உள்தெரு இன்னொரு அமைப்பிடம். வட்டார அளவில் ஒரே திட்டமாகப் போட்டால்தான் இரண்டும் ஒரே கணக்கில் வரும்.

சாலையோரத் திறப்புகளும் இதே கதைதான். கடைக்கு ஒரு வாசல், பெட்ரோல் பங்குக்கு இரண்டு, மீடியனில் நினைத்த இடத்தில் ஒரு இடைவெளி. ஒவ்வொன்றும் ஒரு மோதல் புள்ளி. நான்கு முனைச் சந்திப்பில் வண்டிப் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32, மும்முனையில் 9, ஒற்றை லேன் ரவுண்டானாவில் 8. புதிய புறவழிச்சாலை ஐந்தாறு ஆண்டில் பழைய சாலையைப் போலவே நெரிவதற்கு முதல் காரணம், திறந்த நாளிலிருந்து அதன் இருபுறமும் வாசல்களை அனுமதித்ததுதான். நிலம் எடுக்கும்போதே நேரடி நுழைவு உரிமையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். சர்வீஸ் ரோட்டுக்கான அகலத்தை முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும். கட்டடங்கள் வந்த பிறகு அதே அகலத்தை வாங்குவது வேறு விலை, வேறு வழக்கு.

சர்வீஸ் ரோடு போடும்போது நடக்கும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சிக்னலுக்கு இருபது முப்பது மீட்டர் முன்னால் கொண்டுவந்து பிரதான சாலையில் சேர்த்துவிடுகிறார்கள். சேர்ந்த வண்டிகளில் எதிர்த் திசையைக் கடந்து திரும்ப வேண்டியவை எல்லா லேனையும் குறுக்கே வெட்டிப் போகும். பச்சை எரியும்போதே பாதி வண்டிகள் நிற்கும். சேரும் இடம் சந்திப்பின் வரிசை நீளத்துக்கும் பின்னால் இருக்க வேண்டும்; இல்லையென்றால் சந்திப்பைத் தாண்டிய பிறகு இருக்க வேண்டும்.

சந்திப்புகள்

என்னைக் கேட்டால் பணத்தின் பெரும்பகுதி போக வேண்டியது இங்கே.

திரும்பும் வண்டிகளுக்கான தனி லேனில் தொடங்கலாம். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலது திருப்பம்தான் எதிர்வரிசையை வெட்டுகிறது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடது. மணிக்கு 180 வண்டி திரும்புகிறது, சுழற்சி 120 விநாடி என்றால், ஒரு சுழற்சிக்கு 6 வண்டி. வரத்து சீராக இருக்காது என்பதால் இரு மடங்குக்கு இடம் விட வேண்டும்: 12 வண்டி, 84 மீட்டர். இதற்கு மேல் வேகம் குறைக்கும் நீளம் தனி. இடம் இல்லை என்று இதை 40 மீட்டரில் முடித்தால், ஏழாவது வண்டி நேர் லேனில் நிற்கும். அதன் பின்னால் நேராகப் போக வேண்டியவர்களும் நிற்பார்கள். ஒரு முழு லேனின் பச்சை வீணாகும். குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், திருப்ப லேனை நீட்டுவதைத்தான் சொல்வேன்.

சிக்னல் சுழற்சிக்கு பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வெப்ஸ்டர் 1958இல் தந்த கணக்கு இன்றும் நல்ல தொடக்கம். ஒரு சுழற்சியில் பச்சை ஒரு திசையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வீணாகும் மொத்த விநாடிகளை ஒன்றரையால் பெருக்கி 5ஐக் கூட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் (ஒரே சமயத்தில் பச்சை பெறும் திசைகள் சேர்ந்தது ஒரு கட்டம்) அதிக நெருக்கடி உள்ள லேனின் வரத்தை, அது முழுப் பச்சையில் விடக்கூடிய எண்ணிக்கையால் வகுத்து, அந்த விகிதங்களையெல்லாம் கூட்டி 1இலிருந்து கழியுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் சுழற்சி நேரம். நான்கு கட்டம், கட்டத்துக்கு 4 விநாடி வீண், விகிதக் கூட்டுத்தொகை 0.75 என்றால் விடை 116 விநாடி. கூட்டுத்தொகை 0.90 ஆனால் 290. அப்படி ஒரு சிக்னலை யாரும் பொறுத்து நிற்க மாட்டார்கள்; அந்தச் சந்திப்பு நேரக் கணக்கால் தீரும் நிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள். நான்கு கட்டத்தை இரண்டாக்கினால் 0.75க்கே 68 விநாடி போதும். திருப்பத்தைச் சந்திப்பில் தடை செய்து, தாண்டிப் போய் யு-டர்ன் எடுக்க வைப்பதன் பலன் இதுதான். யு-டர்ன் இடத்தில் பேருந்தும் லாரியும் ஒரே வீச்சில் திரும்ப இடம் இருக்க வேண்டும். ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப முடியும் என்றால் அதுவே புதிய இடுக்கு.

சுழற்சியை நீட்டுவதில் பலருக்கு அளவு கடந்த நம்பிக்கை. 16 விநாடி வீணாகும் சிக்னலை 120இலிருந்து 180 விநாடிக்கு நீட்டினால், பயன்படும் பங்கு 87 விழுக்காட்டிலிருந்து 91க்குப் போகிறது. நான்கு விழுக்காட்டுப் புள்ளி லாபத்துக்காக எல்லாத் திசையிலும் வரிசை நீளும், திருப்ப லேன் வழியும், அந்த நான்கும் போய்விடும்.

வரிசையாக உள்ள சிக்னல்களை ஒருங்கிணைப்பதற்கு இடைவெளி முக்கியம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், 100 விநாடி சுழற்சி என்றால், இரு திசைக்கும் பச்சை அலை (ஒரு சிக்னலைத் தாண்டியவருக்கு அடுத்தடுத்த சிக்னல்களிலும் பச்சை) கிடைக்கச் சிக்னல்கள் சுமார் 700 மீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும். நடுவில் புதுக் குடியிருப்புக்காக 300 மீட்டரில் ஒரு சிக்னலை நுழைத்தால் ஒரு திசை கெட்டுப்போகும். புதிய சிக்னலுக்கு அனுமதி கேட்டு வரும்போது இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். ஒருங்கிணைத்ததும் வேலை முடிந்துவிடாது. வரத்து மாறிக்கொண்டே இருக்கும் புறநகரில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி எண்ணி நேரத்தை மாற்ற வேண்டும்.

ரவுண்டானா பற்றிச் சுருக்கமாக: உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை என்ற விதி இருந்தால்தான் அது வேலை செய்யும். பிரிட்டன் 1966இல் அந்த விதியைக் கொண்டுவந்த பிறகே ரவுண்டானாக்கள் உள்ளுக்குள் பூட்டிக்கொள்வது நின்றது. ஒற்றை லேன் ரவுண்டானா நாளைக்குச் சுமார் 20,000 முதல் 25,000 வண்டி வரை தாங்கும். அதற்கு மேலே, அல்லது ஒரே திசையில் மட்டும் வரத்து கொட்டும் இடத்தில், சிக்னலே மேல்.

மேம்பாலம் ஒரு சந்திப்பைத் தீர்த்து, வண்டிகளை அடுத்த சந்திப்பில் சீக்கிரமாகக் கொண்டுபோய் விடும். 5.5 மீட்டர் உயரம் விட்டு ஒன்றரை மீட்டர் தடிமனில் தளம் போட்டால் ஏற வேண்டியது 7 மீட்டர். 4 விழுக்காட்டுச் சரிவில் அதற்கே 175 மீட்டர். மேலும் கீழும் வளைவுகளுக்கு இன்னும் வேண்டும். இறங்கும் இடத்துக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே அந்தச் சிக்னலின் உச்ச நேர வரிசை அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வரிசை பாலத்தின் மேலேயே நிற்கும். அந்த வரிசையை அளக்காமல் தூண் இடங்களைக் குறிப்பதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடு இல்லை.

நெடுஞ்சாலையில் வண்டிகள் வந்து சேரும் ரேம்புகளுக்கு, அதாவது இணைப்புச் சாலைகளுக்கு, ஒரு எளிய விதி உண்டு: சேர்ந்த பிறகு உள்ள லேன்கள், சேர்வதற்கு முன் இருந்த மொத்த லேன்களை விட ஒன்றுக்கு மேல் குறையக் கூடாது. மூன்றும் இரண்டும் சேர்ந்தால் நான்கு லேனாவது இருக்க வேண்டும். ஒரு ரேம்பில் ஏறுவோரும் அடுத்ததில் இறங்குவோரும் குறுக்கே பின்னிக்கொள்ளும் குறுகிய இடத்தில் இரண்டையும் இணைக்கும் துணை லேன் ஒன்றைப் போட்டால், அந்த அரை கிலோமீட்டர் வேலை பத்து கிலோமீட்டர் அகலப்படுத்தலை விடப் பலன் தரும். ரேம்பில் சிக்னல் வைத்து ஒவ்வொரு வண்டியாக விடும் முறையை ஓட்டுநர்கள் வெறுப்பார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் அந்த வெறுப்பு சட்டமன்றம் வரை போய், 2000ஆம் ஆண்டில் சுமார் 430 ரேம்ப் சிக்னல்களை எட்டு வாரம் அணைத்து வைத்துச் சோதித்தார்கள். நெடுஞ்சாலைப் பயண நேரம் 22 விழுக்காடு கூடியது. விபத்துகள் 26 விழுக்காடு கூடின. முன்பு சொன்ன கொள்ளளவு வீழ்ச்சியைத் தடுப்பதுதான் அந்தச் சிக்னல்களின் வேலை.

லேன் கூட்டுவது எப்போது

இடுக்கு என்று தனியாக ஒன்று இல்லாமல், பல கிலோமீட்டருக்கு எல்லா இடமும் ஒரே அளவில் நிரம்பியிருந்தால் லேன் தேவைதான். அப்போதும் அது எத்தனை நாள் தாங்கும் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலை 2008இல் விரிவாக்கப்பட்டபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 லேன் வரை ஆனது. 2011க்கும் 2014க்கும் இடையில் அதன் ஒரு பகுதியில் பயண நேரம் காலையில் 30 விழுக்காடும் மாலையில் 55 விழுக்காடும் கூடியது. அமெரிக்க நகரங்களைப் பற்றிப் பொருளியலாளர்கள் டுரான்டனும் டர்னரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய நெடுஞ்சாலைகளின் லேன் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டியது. நேரம் மாற்றிப் போனவர்கள் உச்ச நேரத்துக்குத் திரும்புகிறார்கள், பேருந்தில் போனவர்கள் கார் எடுக்கிறார்கள், இன்னும் தள்ளி வீடு வாங்குகிறார்கள். எனவே வருங்கால வரத்தைக் கணிக்கும் கணினி மாதிரியில் புதிய லேனைச் சேர்க்கும்போது பயண எண்ணிக்கையை மாறாமல் வைத்திருந்தால் அந்த முடிவை நம்ப வேண்டாம்.

மாதிரியைப் பற்றி இன்னும் இரண்டு சோதனைகள். முதலில், இன்றைய நிலைமையை அது சரியாகக் காட்டுகிறதா? மாதிரி சொன்ன எண்ணுக்கும் எண்ணிப் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஜி.இ.எச். என்ற அளவால் பார்ப்பார்கள். பிரிட்டன் வழக்கப்படி 85 விழுக்காடு இடங்களில் அது 5க்குக் கீழே இருக்க வேண்டும். எண்ணியது 1,000, மாதிரி சொல்வது 1,100 என்றால் அளவு சுமார் 3, அது போதும். இரண்டாவது, தாமதத்துக்கு எந்தச் சூத்திரம்? 1964இலிருந்து புழங்கும் அமெரிக்கப் பொதுச்சாலை அமைப்பின் சூத்திரப்படி, வரத்து கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு ஆனாலும் பயண நேரம் 76 விழுக்காடுதான் கூடும். அந்த வரத்து ஒரு மணி நேரம் நீடித்தாலே வரிசை அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். இடுக்குக்குப் பின்னால் நிற்கும் வரிசையை அந்தச் சூத்திரம் அறியாது. வரிசையைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

புதிய லேனைப் பேருந்துக்கு ஒதுக்குவதையும் அதே மேசையில் வைத்து ஒப்பிட வேண்டும். சிக்னல் சாலையில் மணிக்கு 760 கார், காருக்கு 1.3 பேர் என்றால் ஒரு லேன் கொண்டுபோவது சுமார் 990 பேர். நிமிடத்துக்கு ஒரு பேருந்து, பேருந்துக்கு 50 பேர் என்றால் 3,000. அந்த அளவுக்குப் பேருந்து இல்லாத இடத்தில், சந்திப்புக்கு முன்னால் 80 மீட்டர் மட்டும் பேருந்து முந்திப்போகும் லேன் கொடுத்தாலும் பயண நேரம் நம்பத்தக்கதாகும். கட்டணம் இன்னொரு வழி. ஸ்டாக்ஹோம் 2006இல் ஏழு மாதம் நெரிசல் கட்டணத்தைச் சோதித்தபோது நகர எல்லையைத் தாண்டும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிறுத்தியதும் ஏறியது. 2007இல் நிரந்தரமாக்கியதும் மறுபடி குறைந்தது.

வேலை தொடங்கிய பிறகு

காலக்கெடு தவறுவதற்குத் தாரும் கான்கிரீட்டும் காரணமாவது குறைவு. தண்ணீர்க் குழாய், மின் கேபிள், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை மாற்றுவதில்தான் மாதங்கள் போகும். வரைபடத்தில் இருக்கும் இடத்தில் குழாய் இருக்காது; வடிவமைப்பு முடிவதற்கு முன்பே சோதனைக் குழி தோண்டிப் பார்த்துவிட வேண்டும். அகலப்படுத்திய சாலையில் மழைநீர் ஓட்டம் கூடும். பழைய கல்வெர்ட்டை (சாலைக்கு அடியில் நீர் போகும் சிறுபாலத்தை) அப்படியே நீட்டி விட்டால் முதல் பெருமழையில் ஓர லேன் முழுகி, போட்ட லேன் போடாததற்குச் சமம் ஆகிவிடும். வேலை நடக்கும்போது லேனை முழுவதும் மூடாமல் குறுக்கியும் சமாளிக்கலாம்: வேகம் குறைந்த சிக்னல் சாலையில் 3 மீட்டருக்கு மேற்பட்ட லேன் கொள்ளளவில் பெரிதாக இழப்பதில்லை.

மூன்று லேன் உள்ள நெடுஞ்சாலையில் ஒன்று விபத்தால் அடைபட்டால் மிஞ்சுவது மூன்றில் இரண்டு பங்கு அல்ல, ஏறக்குறைய பாதிதான். உச்ச நேரத்தில் இழுவை வண்டியை அருகிலேயே நிறுத்தி வைப்பது திட்டச் செலவில் ஒரு துளி. அதையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்; பராமரிப்புக்குத் தள்ளினால் நடக்காது. ஓரத்து அவசர லேனை ஓட்டத்துக்குத் திறப்பதில் கவனம் தேவை. இங்கிலாந்து 2006இல் எம்42 நெடுஞ்சாலையில் அதைத் தொடங்கிப் பல சாலைகளுக்குப் பரப்பி, பாதுகாப்பு பற்றிய கவலைகளும் செலவும் சேர்ந்து, 2023 ஏப்ரலில் அத்தகைய புதிய திட்டங்களைக் கைவிட்டது.

திறந்து ஆறு மாதம் கழித்து, முன்பு எண்ணிய அதே கிழமைகளில், பள்ளிகள் நடக்கும் வாரத்தில் மறுபடி எண்ண வேண்டும். ஓராண்டு கழித்து, முதலில் எண்ணிய அதே மாதத்தில் இன்னொரு முறை. சரிசெய்த சந்திப்பில் மட்டும் எண்ணினால் போதாது. அங்கிருந்து விடுபட்ட வண்டிகள் அடுத்து முட்டும் இரண்டு சந்திப்புகளிலும், இணையாக ஓடும் உள்சாலைகளிலும் கருவி வைக்க வேண்டும். அதற்கான பணத்தை ஒப்பந்தத் தொகையிலேயே பிரித்து வைத்திருக்க வேண்டும்.